முதல் முயற்சியில் ஜெயிக்காதவர்களையும் பேட்டி எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வு முடிவுகள் வரும்போதெல்லாம் முதல் முயற்சியிலேயே ஜெயித்தவர்களின் பேட்டியைப் படத்தோடு போடுகிறீர்கள். சந்தோஷமாகத்தான் படிக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு தடவை அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதி, இரண்டு தடவையும் கட் ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்ட ஒரு பெண் இருக்கிறாள். அவளைப் போன்ற பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது முடிவு வந்த அன்று போன் செய்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பாசிட்டிவா இரும்மா, எல்லாம் நல்லதே நடக்கும்." நல்ல மனசோடுதான் சொன்னார்கள். முதல் தடவை நானும் அவளிடம் இதையேதான் சொன்னேன். 200 கேள்வியில் எது எதனால் போனது என்று பார்க்காமல், அடுத்த தடவை கிடைத்துவிடும் என்று நம்பியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

எங்கள் விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்த வீரமுத்துவேல்தான் சந்திரயான்-3 திட்ட இயக்குநர். 2023 ஆகஸ்ட் 23 மாலை அதன் தரையிறங்கும் கலமான விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியபோது ஊரே கொண்டாடியது. எனக்கு அதைவிட மனதில் நிற்பது, 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதிப் போன பிறகு அவர்கள் செய்த வேலை. இந்த முறை எதெல்லாம் தவறிப்போகும் என்று யோசித்து, அதற்கு ஏற்ப லேண்டரை வடிவமைத்தோம் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் சொன்னார். சென்சார் வேலை செய்யாவிட்டாலும், இரண்டு எஞ்சின் கைவிட்டாலும் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். முன்பு 500 மீட்டருக்கு 500 மீட்டராக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்று அகலமாக்கினார்கள். இறங்கிவிடுவோம் என்ற நம்பிக்கை இல்லாதவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான், விட்டுவிட்டுப் போயிருப்பான்.

இதை மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் ஒரு நீள நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். பத்திகளுக்குத் தலைப்பு: படிக்கவே இல்லை, படித்தும் குழம்பியது, அவசரத்தில் போனது. பழைய வினாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, தப்பான ஒவ்வொரு கேள்வி எண்ணையும் சிவப்பு மையில் ஏதாவது ஒரு பத்தியில் எழுதினாள். இரண்டு ராத்திரி ஆயிற்று. பொது அறிவில்தான் வீக் என்று நாங்கள் நினைத்திருந்தோம், ஆனால் மூன்றாவது பத்திதான் நிறைந்து வழிந்தது. 25 கணக்குக் கேள்வியையும் கடைசிக்கு ஒதுக்கி வைத்து, நேரம் முடியப் போகிறது என்ற பதற்றத்தில் விடைத்தாளின் வட்டங்களைக் கறுப்பாக்கியிருக்கிறாள். இப்போது மாதிரித் தேர்வு எழுதும்போது கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறாள். குரூப் 4 ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் குரூப் 2-க்கும் ரயில்வேக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இறங்குமிடத்தை அகலமாக்கிக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது தடவை கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் போன வருஷம் அவள் முகத்தில் இருந்த பயம் இப்போது இல்லை. அதை நான் தினமும் பார்க்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாவது, நான்காவது முயற்சியில் வேலை வாங்கியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று கேட்காதீர்கள். போன தடவை எங்கே தவறியது, இந்தத் தடவை எதை மாற்றினீர்கள் என்று கேட்டுப் போடுங்கள். பத்து வரி வந்தால்கூடப் போதும், என் மகள் அதை வெட்டி அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விழுப்புரம்.