அந்த ஒரு ‘தான்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலிக்குப் போய் உயிர்விட்ட ஆஸ்திரேலியத் தபால் படை வீரரைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை போட்டிருந்தீர்கள். எங்கள் தபால் ஆட்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். கடைசிப் பத்தியில், “கான்பராவில் அவர் நினைவாகக் கடைசித் தபால் வாசிக்கப்பட்டது” என்றிருக்கிறது. காப்பி அப்படியே ஆறிப்போனது.

லாஸ்ட் போஸ்ட் என்பது பியூகிள் என்ற ஊதுகுழலில் ஊதுவது. போஸ்ட் என்றால் அங்கே காவல் நிலை. இரவில் கடைசிக் காவலையும் பார்த்தாயிற்று என்பதற்கான ஊதல், பின்னாளில் ராணுவ அடக்கத்துக்கும் வந்தது. நம் ராணுவத்திலும் ஊதுகிறார்கள். தங்களுக்குத் தெரியாததா? செத்தவர் தபால்காரர், ஆகவே வாசித்ததும் தபால்!

சரி, அதையாவது சிரித்துவிட்டு விடலாம். “அவர் குண்டடி பட்டு இறக்கவில்லை, டைபாய்டில்தான் இறந்தார்” என்கிறீர்களே, அந்த ‘தான்’ எதற்கு? 1915இல் கலிப்போலியில் சீதபேதியும் டைபாய்டும் ஆயிரக்கணக்கானவர்களைச் சாய்த்தன. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கிய அன்சாக் கடற்கரை முழுக்கத் துருக்கிப் பீரங்கிக்கு எட்டுகிற இடம். தபால் மூட்டைகள் இறங்கியதும் அதே கரையில். கான்பரா போர் நினைவகத்து வெண்கலப் பலகைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பதவி கிடையாது, குண்டா, காய்ச்சலா என்ற பேச்சும் கிடையாது.

ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஏப்ரல் 25இல் கரையிறங்கிய அன்றே இறந்த பிள்ளைக்கு, சேதி தெரியாத அம்மாவின் கடிதங்கள் அதன் பிறகும் வந்துகொண்டிருக்கும். அதைக் கையில் வாங்குகிறவன் யார்?

நான் வாங்கியிருக்கிறேன். தபால் துறையிலிருந்து ராணுவத் தபால் சேவைக்குப் போய் நாலு வருஷம் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையத்தில் இருந்தவன். ஒரு பையன் பனிச்சரிவில் போய் ஒரு வாரம் கழித்து அவன் பெயருக்கு இன்லேண்ட் லெட்டர் வந்தது. ஓரங்களில் மஞ்சள் தடவியிருந்தது. என்ன நல்ல காரியமோ! பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். ஊருக்கு வந்தால், “நீ என்ன சண்டையா போட்டே? சீல்தானே குத்தினே?” என்பார் என் மச்சான். அங்கேயும் அதே ‘தானே’.

போன தீபாவளி மலரில் தபால்காரர் ஜோக் நாலு போட இடம் இருந்தது. கார்கில் நாளுக்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் மட்டும் இரண்டு வரியாகி, அதிலும் ‘ராணுவத் தபால்’ ‘ராணுவத் தளபதி’ ஆகியிருந்தது. அன்று ஊரில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த இதழில் ‘கடைசித் தபால்’ என்பதைத் திருத்திப் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். கட்டுரை என்றாவது புத்தகமாக வந்தால் அந்தத் ‘தான்’-ஐ எடுத்துவிடுங்கள்.

தங்கள் முப்பது வருட வாசகன்,
(பெயர் வேண்டாம்; மச்சானும் உங்கள் வாசகர்)
தென்காசி