மொட்டைமாடிச் சாவியைக் கொடுங்கள்

மதுரை மாவட்ட அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

2025 ஜூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா, பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் கூடியிருந்த மாணவர்களோடு ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற தனிநபர்கள் ஆர்வத்துக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) வழியாகப் பேசினார். அந்தச் செய்தியைப் படித்த எந்தப் பள்ளிக்கும் முதலில் தோன்றும் கேள்வி, "நம்ம பிள்ளைங்க எப்போ பேசலாம்?" என்பதுதான். பேசலாம். அதற்கு முன் நிலையத்திலிருந்து வருவதை ஓராண்டு கேட்டுப் பழக வேண்டும். அந்த ஓராண்டுக்கு உங்களிடம் மதுரை வட்டாரத்து ஹாம்களான நாங்கள் கேட்பவை சின்ன விஷயங்கள். ஓர் ஆசிரியர் கையில் மொட்டைமாடிச் சாவி, வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம், ஒரு பிளக் பாயின்ட். பணம் இப்போது வேண்டாம். நன்கொடையாளர் யாராவது தயாராக இருந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்வு. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருப்பதால் அது நமக்கு இரண்டே விதமாக வரும்: தென்மேற்கில் எழுந்து வடகிழக்கில் மறையும், அல்லது வடமேற்கில் எழுந்து தென்கிழக்கில் மறையும். ஐரோப்பாவில் ஒரே நாளில் ஐந்தாறு சுற்று தொடர்ந்து கிடைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு நாளில் நான்கைந்து முறை அடிவானத்துக்கு மேல் தலைகாட்டும். அவற்றில் 20 டிகிரிக்கு மேல் ஏறுவது ஒன்றிரண்டுதான். அதிகபட்சம் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் நாங்கள் 'பாஸ்' என்கிறோம்.

பள்ளி நேரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலையத்தில் உள்ளவர்கள் கிரீன்விச் நேரப்படி வாழ்கிறார்கள். காலை 6 மணிக்கு எழுந்து இரவு 9.30 வாக்கில் உறங்கப் போகிறார்கள். நம் கடிகாரத்தில் அது முற்பகல் 11.30 முதல் பின்னிரவு 3 மணி வரை. ஆகவே காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது தலைக்கு மேலே அழகாக ஒரு பாஸ் போனாலும் அவர்கள் பேச மாட்டார்கள், உறங்கிக்கொண்டிருப்பார்கள். பிற்பகல் 1 மணி முதல் 4.30 வரைதான் நமக்குப் பொருந்தும். ஒரே மாதிரியான பாஸ் நாளுக்குச் சுமார் 24 நிமிடம் முன்னதாக நகர்ந்துகொண்டே போகும். கணக்குப் போட்டால், இரண்டு மாதச் சுழற்சியில் ஒன்பது பத்து நாள் நீளமுள்ள இரண்டு வாய்ப்புகள்தான் பிற்பகலில் விழும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வையும் மார்ச் பொதுத்தேர்வையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் கணக்கு உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

கேட்பதற்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நிலையத்தில் உள்ள ஹாம் கருவி, ஆள் பேசாத நேரத்திலும் தானாக வேலை செய்கிறது. குரலும் படமும் 145.800 மெகாஹெர்ட்ஸில் இறங்கும். ரிப்பீட்டர் (ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொன்றில் திருப்பி அனுப்பும் கருவி) ஓடும்போது 437.800 மெகாஹெர்ட்ஸில் மற்ற ஹாம்களின் பேச்சு கேட்கும். 145.825-இல் சிறு எழுத்துச் செய்திகள் போய்வரும். எந்த வாரம் எது ஓடுகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், பார்த்துவிட்டு மாடிக்கு ஏறுங்கள்.

ஆண்டெனாவைப் பிள்ளைகளே செய்யட்டும். இரும்புக் கடையில் 25 மில்லிமீட்டர் அகல, அளவெடுக்கும் ஸ்டீல் டேப் ஒன்று (5 மீட்டர்), அரை அங்குல பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர், ஹோஸ் கிளிப் ஆறு. டேப்பை நான்கு துண்டாக வெட்ட வேண்டும்: பின்னால் வரும் ரிஃப்ளெக்டர் 105 செ.மீ., நடுவில் கேபிள் இணையும் டிரைவன் எலிமென்ட் 45 செ.மீ. வீதம் இரண்டு, முன்னால் வரும் டைரக்டர் 89 செ.மீ. ரிஃப்ளெக்டருக்கும் நடுத்துண்டுக்கும் இடைவெளி 20.3 செ.மீ.; நடுத்துண்டுக்கும் டைரக்டருக்கும் 31.8 செ.மீ. நடுத்துண்டின் இரு பாதிக்கும் இடையே 2.5 செ.மீ. விட்டு, 12.7 செ.மீ. கம்பியை கொண்டை ஊசி போல வளைத்து அந்த இரு பாதியையும் இணைத்துப் பற்றவைக்க வேண்டும். கேபிளின் நடுக்கம்பி ஒரு பாதியில், வலை மறு பாதியில்.

இது சொதப்பும் இடங்களும் தெரிந்தவையே. டேப்பின் மேலுள்ள வண்ணத்தை உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்க்காவிட்டால் ஈயம் ஒட்டாது. ஒட்டியதுபோல் காட்டி, வெயிலில் மாடியில் விட்டுக்கொள்ளும். சால்டரிங் அயர்னை வெகுநேரம் வைத்து அழுத்தினால் தகட்டின் விறைப்பு போய், அந்த முனை தொய்ந்துவிடும். விலை குறைவென்று 13 மில்லிமீட்டர் டேப் வாங்கினால் காற்றில் வாழையிலை மாதிரி ஆடும். வெட்டிய முனைகள் கத்திக்குச் சமம். இன்சுலேஷன் டேப் சுற்றாமல் எந்தப் பிள்ளை கையிலும் கொடுக்காதீர்கள்.

கேபிள் விஷயத்தில் பள்ளிகள் ஏமாறுவது எளிது. மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் இந்த அலைவரிசையில் 20 மீட்டருக்குச் சுமார் 4 டெசிபெல் (சிக்னல் வலிமை கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) விழுங்கும். அதாவது மாடியில் பிடித்ததில் பாதிகூடக் கீழே வகுப்பறைக்கு வந்து சேராது. கேட்பதற்கு மட்டும் என்றால் கேபிள் டி.வி.க்காரர் பயன்படுத்தும் ஆர்.ஜி.-6 போதும், இழப்பு அதில் பாதிதான். இன்னும் எளிய வழி, கேட்கும் ரேடியோ கருவியையே மாடிக்குக் கொண்டுபோய் ஒன்றரை மீட்டர் கேபிளில் கேட்பது. நிலையம் அடிவானத்தில் இருக்கும்போது 2,300 கிலோமீட்டர் தொலைவு. தலைக்கு மேல் வரும்போது 400. இந்த வித்தியாசம் மட்டுமே 15 டெசிபெல். முதல் இரண்டு நிமிடம் இரைச்சல்தான் கேட்கும், அதைக் கேட்டுப் பிள்ளைகள் கலைந்துவிடக் கூடாது.

படம் வரும் நாட்கள்தான் பிள்ளைகளுக்குத் திருவிழா. படம் ஒலியாக மாற்றப்பட்டு வரும், கைபேசிச் செயலி அதைத் திரும்பப் படமாக்கும். நிலையத்திலிருந்து ஒரு படம் இறங்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், பிறகு இடைவெளி, பிறகு அடுத்தது. நல்ல பாஸில் இரண்டு முழுப் படம் தேறும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ரோபோட்36 செயலியைத் திறந்து ஸ்பீக்கர் அருகே வைத்தால் படம் வரிவரியாக விரியும். விரியும்போதே "டேய் வருதுடா!" என்று நாற்பது பேர் கத்துவார்கள், அந்தக் கத்தல் அப்படியே படத்தில் கோடுகளாக விழும். ஆகவே ஸ்பீக்கரிலிருந்து கைபேசிக்கு ஒரு ஒயர் போட்டுவிடுங்கள், கத்துவதைத் தடுக்க வேண்டியதில்லை. ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் வசதி) முழுவதும் திறந்து வைக்க வேண்டும். மூடியிருந்தால் சிக்னல் தாழும் போதெல்லாம் படம் துண்டாகும். கருவி 'நேரோ' நிலையில் இருந்தால் ஒலி பிசிறும், 'வைடு' வையுங்கள். பேட்டரி சேமிப்பு வசதியை அணைத்துவிடுங்கள்.

நெருங்கி வரும்போது அதிர்வெண் கூடி, விலகிப் போகும்போது குறையும் டாப்ளர் விளைவைப் பாடப்புத்தகத்தில் ரயில் விசிலை வைத்து நடத்துகிறோம். இங்கே அதைக் கையால் திருப்பிப் பார்க்கலாம். 145.800-இல் அந்த மாற்றம் மூன்றரை கிலோஹெர்ட்ஸ்தான், தொடாமல் விட்டாலும் கேட்கும். 437.800-இல் பத்து கிலோஹெர்ட்ஸ். எனவே 437.810, .805, .800, .795, .790 என்று ஐந்து நினைவுச் சேனல் போட்டு, எழும்போது மேலதில் தொடங்கி, மறையும்போது கீழதில் முடிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைப்பது அரிது என்பது எங்கள் கருத்து.

பாஸ் நேரம் சொல்லும் செயலியில் சுற்றுப்பாதைத் தரவை வாரம் ஒருமுறையாவது புதுப்பியுங்கள். நிலையத்தை அவ்வப்போது உந்தி மேலே ஏற்றுவார்கள். பழைய தரவை நம்பி நின்றால் வண்டி போன பிறகு நடைமேடையில் நிற்பதுதான்.

மதுரைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. யானைமலை, நாகமலை, அழகர்மலை அடிவாரப் பள்ளிகளில் ஒரு பக்க அடிவானம் அடைபட்டிருக்கும், அந்தத் திசையில் பாஸின் தொடக்கமோ முடிவோ போய்விடும். நகருக்குள் மலிவு எல்.இ.டி. விளக்கு, சிசிடிவி பவர் சப்ளை, சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் இரைச்சல் கிளப்பும். கையடக்க ஆண்டெனாவை மாடியில் சுற்றித் திருப்பினால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். சித்திரை வைகாசி இடிமழையிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் மாடியில் யாரும் நிற்கக் கூடாது, நிரந்தர ஆண்டெனா இருந்தால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியும், மின்கம்பி அருகில் ஓடும் மாடியும் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட பள்ளிகள் விளையாட்டு மைதானத்தில் நின்று கேட்கட்டும். அழகர்கோவில் பக்கத்துப் பள்ளிகள் குரங்குகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

உரிமம் பற்றித் தெளிவாக ஒன்று. ஒலிபரப்ப உரிமம் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வை 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். 'ரெஸ்ட்ரிக்டெட்' நிலைக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திக் குறி) தேவையில்லை. மின்னியல் அடிப்படையும் விதிமுறைகளும் கேட்பார்கள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதக்கூடியது, கூடவே ஓர் ஆசிரியரும் எழுதிவிட்டால் பள்ளி யாரையும் நம்பி நிற்க வேண்டியதில்லை. இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாக்கி டாக்கியை முதலில் வாங்கிவிட்டு உரிமத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அது பள்ளியைச் சட்டச் சிக்கலில் மாட்டும். உரிமம் வரும்வரை, உரிமம் உள்ள ஒருவர் தம் கருவியோடு உடனிருக்கட்டும். எங்களில் யாராவது வருவோம்.

உரிமம் வந்தபின் ரிப்பீட்டரில் பேசலாம். 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலிக்குறி) உங்கள் பேச்சை ஏற்றினால் அது 437.800-இல் இறங்கும். 145.800-இல் ஒருபோதும் ஏற்றக் கூடாது. கால்சைனும் (உரிமத்தோடு தரப்படும் அழைப்புப் பெயர்) கட்டத்தின் பெயரும் மட்டும் சொல்லி இடம் விட வேண்டும், அந்தப் பத்து நிமிடத்தில் பல நாட்டார் காத்திருக்கிறார்கள். கட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உலகத்தை ஹாம்கள் சதுரங்களாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 10 டிகிரி அட்சக்கோடும் 78 டிகிரி தீர்க்கக்கோடும் சோழவந்தானுக்கு அருகே வெட்டிக்கொள்வதால், நம் மாவட்டம் நான்கு கட்டங்களில் கிடக்கிறது. மதுரை நகரம் எம்.ஜே.99, உசிலம்பட்டி எம்.ஜே.89, மேலூர் எம்.கே.90, வாடிப்பட்டி எம்.கே.80. நான்கு ஊரிலும் ஒவ்வொரு பள்ளி ஒலித்தால் அந்தக் கட்டங்களைத் தேடும் வெளிநாட்டு ஹாம்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

இனி, வீரரோடு பேசுவது. பன்னாட்டு விண்வெளி நிலைய அமெச்சூர் ரேடியோ அமைப்பான ஏரிஸ், பள்ளிகளிடமிருந்து விண்ணப்பம் பெறுகிறது. 2000 டிசம்பரில் அமெரிக்காவின் சிகாகோ அருகே ஒரு பள்ளியில் தொடங்கிய வழக்கம் இது. கற்பித்தல் திட்டம் ஒன்றைக் கேட்பார்கள்: பிள்ளைகள் முன்னும் பின்னும் என்ன படிக்கிறார்கள் என்று. மேலே சொன்ன ஓராண்டு வேலைதான் அந்தத் திட்டம், வேறு புதிதாக எழுத வேண்டியதில்லை. பேச இரண்டு வழி உண்டு. நேரடியாகப் பேச வேண்டுமானால் ஆண்டெனாவைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திருப்பும் ரோட்டார், வட்ட முனைவாக்க யாகி ஆண்டெனா (நிலையம் எப்படித் திரும்பினாலும் சிக்னலைப் பிடிக்கும் வகை), ஐம்பது முதல் நூறு வாட் கருவி, ஆண்டெனாக் கம்பத்தில் ப்ரீ-ஆம்ப் (வரும் சிக்னலைப் பெருக்கும் கருவி), அதுபோக எல்லாவற்றுக்கும் மாற்று ஒரு செட் வேண்டும். ப்ரீ-ஆம்ப்பை, ஒலிபரப்பும்போது அதை விலக்கிவிடும் ரிலே இல்லாமல் கட்டி ஒலிபரப்பினால் முதல் அழுத்தத்திலேயே கருகும். இரண்டாவது வழி டெலிபிரிட்ஜ்: வேறொரு நாட்டின் தரை நிலையம் விண்வெளி நிலையத்தைப் பிடித்து, தொலைபேசி வழியே உங்கள் அரங்குக்குக் கொடுக்கும். முதல் முறைக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம். லட்சக்கணக்கில் ரோட்டார் வாங்கி ஒரு நாள் ஓட்டிவிட்டு மாடியில் துருப்பிடிக்க விடுவதைவிட, அந்தப் பணத்தில் முப்பது பள்ளிகளுக்கு டேப் ஆண்டெனா செய்யலாம்.

அந்த நாளில் பாஸ் தொடங்குவது நொடிக் கணக்கில் முன்பே தெரியும். பொன்னாடை, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் உரை எதற்காகவும் நிலையம் நிற்காது. உரைகளைப் பாஸுக்குப் பின்னால் வையுங்கள். இருபது கேள்வி எழுதி வரிசைப்படுத்தி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். நேரம் போதாவிட்டால் கடைசி நான்கைந்து பேருக்கு வாய்ப்பு வராது என்பதை அந்தப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேள்வி ஐந்தாறு நொடிக்குள் முடிய வேண்டும், இறுதியில் 'ஓவர்'. மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிக்கப் பழக்குங்கள். அந்த வாரம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று மின்வாரியத்தில் கேட்டுவிட்டு, அதையும் நம்பாமல் 12 வோல்ட் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி மாணவிகளின் உழைப்பும் சேர்ந்த ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோள், 2022 ஆகஸ்டில் இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் ஏறியது. ராக்கெட் தவறான பாதையில் விட்டதால் நிலைக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் இரண்டாவது ஆசாதிசாட் சரியாகச் சென்றது. விண்ணுக்குப் பொருள் அனுப்பிய மாவட்டத்தில் அதைக் கேட்பதற்கு எத்தனை பள்ளி மாடிகள் திறந்திருந்தன என்று யோசித்துப் பாருங்கள். விண்வெளி நிலையத்தை 2030 வரை இயக்கிவிட்டுக் கடலில் இறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்குள் அது இல்லாமல் போகலாம்.

சம்மதமுள்ள தலைமையாசிரியர்கள் பொறுப்பாசிரியர் ஒருவர் பெயரையும், மாடிக்கு கைப்பிடிச் சுவர் உண்டா, பக்கத்தில் மின்கம்பி எவ்வளவு தூரம், எந்தத் திசை மறைந்திருக்கிறது என்ற மூன்று விவரங்களையும் எழுதி வையுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முதல் வாரத்தில் டேப்பும் குழாயும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இங்ஙனம்,
மதுரை வட்டாரத்து ஹாம் ரேடியோ இயக்குநர்கள் சிலர்