வெயில் உங்க ஊரில்தான் இருக்கு

தாராவி, மும்பை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் தகைந்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், டிக்கெட் போட வேண்டும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காய்வதே இல்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் நெரிபட்டால் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை வராமல் என்ன செய்யும்? மெடிக்கலில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த ட்யூபை நீட்டுகிறார்கள். நாலு நாளில் அரிப்பு அடங்கும். விட்டதும் இரண்டு மடங்காகப் படரும். இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்தாயிற்று. யார் கேட்கிறார்கள்?

எங்கள் சந்தில் நாசரேத் பக்கத்து ஆச்சி ஒருவர் மருந்து கொடுக்கிறார். சொறி சிரங்குக்குக் குப்பைமேனி, மஞ்சள், கல்லுப்பு அரைத்துப் பூசச் சொல்வார். படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலைச்சாறு. பார்மசி படிக்கிற என் பையன், அந்த இலையில் கிரைசோபானிக் அமிலம் இருக்கிறது, பூஞ்சையைக் கொல்லும் என்று விளக்கினான். "இருக்கட்டும்ல, இலை இளசா முத்தலான்னு பாத்தியா?" என்றார் ஆச்சி.

போன மாதம் ஒரு பையன் முதுகில் வெளிறிய தேமலோடு வந்தான். கார்போகரிசி விதையில் மருந்து கொடுப்பார் என்று நினைத்தேன். (வெண்புள்ளிக்குக் கொடுப்பார். பூசிக்கொண்டு வெயிலில் கூடுதலாக நின்றால் கொப்புளித்துவிடும் என்று மிரட்டித்தான் கொடுப்பார்.) அன்று முந்தானை நூலை இழுத்துத் திரித்து, அவனைக் கண்ணை மூடச் சொல்லித் தேமலைத் தொட்டார். "தெரியுதா?" பதில் இல்லை. பக்கத்துத் தோலைத் தொட்டார். "ம்." மறுபடி தேமலில். பேச்சில்லை. "இது என் வேலை இல்ல ராசா, வடாலா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று எழுந்துவிட்டார். தொட்டால் தெரியாத தேமல் தொழுநோயாக இருக்கலாம். அங்கே தொழுநோய்க்கென்றே 1890-லிருந்து ஆக்வர்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. கூட்டு மருந்து இலவசம்; சீக்கிரம் போனால் கை கால் முடங்காமல் தப்பலாம். கையில் கிடைத்த இலையையெல்லாம் அரைத்து அப்புகிற வைத்தியர்கள் இந்த ஆச்சியிடம் வந்து நிற்க வேண்டும்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. அத்தானுக்கு முழங்கையில் காளாஞ்சகப்படை (சோரியாசிஸ்) மறுபடி செதில் உதிர்கிறது. டாக்டர் மருந்து நடக்கிறது. கூட வெட்பாலைத் தைலம் தடவினால் வறட்சி கொஞ்சம் அடங்குகிறது. இலையை இரும்பு படாமல் கையால் கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டு, ஊதா நிறம் ஏறும்வரை வெயிலில் வைக்க வேண்டும். இங்கே வெயிலுக்கு எங்கே போக? வள்ளியூரில் இப்போது காய்ந்து கொளுத்துமே. அரை லிட்டர் போட்டு, நாகர்கோவில் வண்டியில் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடு. மூடியை இறுக்கிக் கட்டு.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுடலை