இருட்டியதும் அணையும் கேமரா

ஐயா,

பதினோரு ஆண்டுகளாகக் கண்காணிப்புக் கேமரா பொருத்தி வருகிறேன். சென்ற வாரம் ஒரு குடியிருப்பிலிருந்து அழைத்தார்கள். வாசல் கேமரா பகலெல்லாம் ஓடுகிறது, இருட்டியதும் அணைந்துவிடுகிறது.

படத்தையும் மின்சாரத்தையும் சுமப்பது ஒரே நெட்வொர்க் கேபிள். அதற்கு 100 மீட்டர்தான் வரம்பு. அங்கே இழுத்திருந்தது 130. கம்பியைச் சுரண்டினேன். மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம்! அதில் மின்தடை அதிகம். இரவில் பார்ப்பதற்காகக் கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் கேட்கும், மின்னழுத்தம் சரிந்துவிடும். காவல் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தானே?

முழுச் செம்புக் கேபிள் இழுத்து, நடுவில் தூரத்தை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் கருவி வைத்த பிறகு சரியானது. உள்ளே என்ன உலோகம் என்பதைக் கேபிள் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

– கேமரா பொருத்துநர் ஒருவர், ஈரோடு