வலங்கைமான் அக்காவின் செருப்பும் எங்கள் பாத்திரக்கடைச் சந்தும்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பெரிய கடைத்தெருவை ஒட்டிய பாத்திரக்கடைச் சந்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் சந்தில் வெளியே நீண்டிருந்த படிகளை இடித்து, சாக்கடையைத் தூர்வாரிச் சரிசெய்த வேலை முடிந்தது போன ஆவணியில். நன்றி சொல்வது இந்தப் பங்குனியில். தாமதம்தான். ஒரு ஐப்பசி மழையையும் ஒரு தை மாத வியாபாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். சில வருடங்களுக்கு முன் புதுச் சாக்கடை கட்டியதும் மாலை, சால்வை என்று அமர்க்களப்படுத்திவிட்டு, அடுத்த மழைக்கே கடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் நாங்கள்.

முதல் நன்றி வலங்கைமான் அக்காவுக்கு. மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தவர், சந்து முனைச் சேற்றில் செருப்பு அறுந்து வெறுங்காலோடு கடைக்குள் வந்தார். "எங்கம்மாவோட சின்ன வயசுல வந்திருக்கேன். அப்ப இந்தச் சந்து திருவிழா மாதிரி இருக்கும். இனிமே நாங்க தஞ்சாவூரே போயிக்கிறோம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வருத்தமாகச் சொன்னார். அன்றைக்கு அவர் எடுத்தது ஒரே ஒரு குத்துவிளக்கு.

ராத்திரி மாமனார் காலத்துக் கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதுவது அவர் வழக்கம். குடவாசல், ஆடுதுறை, பாபநாசம், திருப்பனந்தாள், அணைக்கரைப் பாலம் தாண்டி ஜெயங்கொண்டம். இன்றைய கணக்கில் தஞ்சாவூர், திருவாரூர், அரியலூர் என்று மூன்று மாவட்டம் வந்துவிடும். டவுன்காரர்கள் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடைத்தெரு எங்கள் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பொதுவான களத்துமேடு. சம்பா அறுத்துக் கையில் காசு வந்ததும் இங்கேதான் வருவார்கள். களத்தைப் பெருக்காமல் போட்டுவைத்திருந்தது நாங்கள்.

மிட்டாய்க்கடை மாமா, அடுத்தது நீங்கள். சாக்கடை மேல் படிக்கட்டு கட்டியது யார், போர்டை நடுத்தெரு வரைக்கும் நீட்டியது யார் என்று சந்தைச் சரிசெய்யக் கூடிய கடைக்காரர்கள் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் மோட்டைப் பார்த்தோம். எங்கள் கடைப் படியும் இரண்டடி வெளியேதான் இருந்தது. நீங்கள் பேசவே இல்லை. மறுநாள் காலையில் உங்கள் படியில் முதல் கடப்பாரை விழுந்தது. உங்கள் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதையும் பார்த்தோம். அப்புறம் யாருக்கு வாய் வரும்? ஆடியில் முகூர்த்தம் கிடையாது, இடிப்பதை அப்போது இடித்துவிடலாம் என்ற யோசனையும் உங்களுடையதுதான்.

மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து, பல வருடம் இறுகிக் கிடந்த வண்டலை மண்வெட்டியால் வாரினீர்கள். உள்ளே கிடந்ததெல்லாம் எங்கள் கடைச் சாமான்தான்: பாலிதீன், வைக்கோல், உடைந்த படிக்கல். கையுறையும் பூட்ஸும் முதல் நாளே நாங்கள் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள்தான் எங்களுக்கு உறைத்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் மேஸ்திரி இல்லையென்றால் இதெல்லாம் மறுபடியும் வீண்தான். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் தாம்பாளம் மாதிரி நம் ஊர். விரற்கடை சாய்வு தப்பினாலும் தண்ணீர் நகராமல் நிற்கும். முன்பு கட்டியவர்கள் சாக்கடையைத் தெருவைவிட உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார்கள். தெருத் தண்ணீர் கடைக்குள் வராமல் எங்கே போகும்? மேஸ்திரி இரண்டு நாள் சிமென்ட்டையே தொடவில்லை. தண்ணீர் நிரப்பிய ட்யூபைப் பிடித்துக்கொண்டு சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், சுவரில் கரிக்கோடு போட்டார். "எப்பய்யா வேலையை ஆரம்பிப்பே?" என்று நான்கூடச் சத்தம் போட்டேன். ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலை கடை திறந்தபோது வாசல் காய்ந்திருந்தது. அந்தக் கரிக்கோட்டை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

நகைக்கடைக்காரர் செய்ததைப் பலர் பெரிதாக எண்ணவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிது. சீர் வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். காலை ஏழு மணிக்கு ஊரில் பஸ் ஏறினால் திரும்பிப் போகச் சாயங்காலம் ஆகும். போக ஓர் இடம் இல்லாததால் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுற்றுவார்கள். வெயிலில் தலை சுற்றி எங்கள் கடை அண்டாமேல் சாய்ந்தவர்கள் உண்டு. நகைக்கடைக்காரர் பின்கட்டில் இருந்த இரண்டு கழிப்பறைகளைச் சரிபண்ணி, நகை வாங்குகிறாரா என்று பார்க்காமல் யார் வந்தாலும் திறந்துவிட்டார். தினமும் கழுவிவிட ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்தார். அதற்குப் பிறகு அவசர அவசரமாக ஓடாமல், நின்று, நாலு கடை விலை கேட்டு வாங்குகிறார்கள். (பேரமும் கூடிவிட்டது. அதைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும்.)

சென்னையில் இருக்கும் கட்டட உரிமையாளர் ஐயாவுக்கு: பூட்டிக்கிடந்த உங்கள் கடைச் சாவியை வாடகை கேட்காமல் கொடுத்தீர்கள். அங்கே இப்போது நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைக்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் உட்காருகிறார்கள். காவிரி வண்டலில் அச்செடுத்து வார்த்த பாதம், தண்டு, தட்டு, உச்சி எல்லாவற்றையும் கண்ணெதிரே திருகிப் பூட்டி, அரம் போட்டு, மெருகேற்றிக் கொடுக்கிறார்கள். வாங்க வருகிற பிள்ளைகள் நகராமல் பார்க்கின்றன. எங்களுக்குப் போட்டி ஆகிவிடுமே என்று முதலில் நான் முணுமுணுத்தது உண்மை. விளக்கு வாங்கியவர் அண்டா, தவலைக்கு எதிர்க்கடையான எங்களிடம்தான் வருகிறார். திருபுவனத்தில் பட்டு எடுத்துவிட்டு அப்படியே ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் இந்தத் தையில் டவுனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மினி பஸ் கண்டக்டர் தம்பி, சந்து முனையில் நின்று பாட்டிகளின் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறாய். குடத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போடாததற்கும் நன்றி. உன் முதலாளி படித்துவிடப் போகிறார் என்பதால் எந்த ரூட் என்று எழுதவில்லை.

வண்டிகளை முனையிலேயே நிறுத்தச் சொல்லி வெயிலில் நின்ற போக்குவரத்துக் காவலர்களுக்கும், இடம் மாறச் சொன்னபோது சண்டை போடாமல் மாறிக்கொண்ட பூக்கார அக்காக்களுக்கும் தள்ளுவண்டி அண்ணன்களுக்கும் நன்றி. உங்களுக்குக் கொடுத்த இடத்தில் இன்னும் நிழல் இல்லை. சித்திரைக்குள் கூரை போட்டுத்தர வேண்டியது எங்கள் பொறுப்பு. மகாமகம் 2028இல் வருகிறது. அதற்குள் அடுத்த இரண்டு சந்துகளையும் இதே மாதிரி பண்ணலாம் என்று பேசுகிறோம். அந்தச் சந்துக்காரர்கள் இப்போதே படியை அளந்து வைத்துக்கொண்டால் நல்லது.

வலங்கைமான் அக்கா மாசியில் மறுபடியும் வந்தார், தங்கை மகளுக்குச் சீர் எடுக்க. புதுச் செருப்போடு வந்து அதே செருப்போடு திரும்பினார். மேஸ்திரிதான் கடைசி வாரக் கூலியை வாங்காமலே அடுத்த வேலைக்குப் போய்விட்டார். மேஸ்திரி, பணம் கல்லாவில் தனிக் கவரில் இருக்கிறது. நான் இல்லாவிட்டாலும் பையனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.