வீட்டிலுள்ள மூத்த மாணவர்களுக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதைப் பற்றிப் பேச வகுப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் பட்டியலில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியது: பள்ளி முடிந்தபின்னும் நாமே தொடர்ந்து கற்பது. பிள்ளைகளைவிட உங்களைப் பற்றியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் வகுப்பு மாணவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் வாக்காளர்கள் ஆகிவிடுவார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் பள்ளியும் அவர்களுக்கு முடிகிறது. எந்தப் பாடம், எத்தனை பக்கம், என்றைக்குத் தேர்வு என்று சொல்ல அதன்பிறகு ஆள் கிடையாது. யாருக்கு வாக்களிப்பது, எந்த மருத்துவச் செய்தியை நம்புவது, எந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது என்பதற்கெல்லாம் பாடநூலும் கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792-ல், பொதுக்கல்வி குறித்த அறிக்கையைச் சட்டமன்றத்தில் முன்வைத்த தத்துவ அறிஞர் கோண்டோர்செ, கல்வி பள்ளியோடு நின்றுவிடக் கூடாது, எல்லா வயதினருக்கும் உரியதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நாம் "படிப்பை முடித்துவிட்டேன்" என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

நாம் படித்த படிப்புக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். உங்களில் பலர் ஒன்பது கோள்கள் என்று மனப்பாடம் செய்தவர்கள். 2006-ல் புளூட்டோ அந்த வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று பாடநூல்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. 46 என்று நிலைநாட்டப்பட்டது 1956-ல்தான். அந்த இடைவெளியில் படித்துத் தேறியவர்கள் முட்டாள்கள் அல்லர். அதன்பிறகும் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. அப்படித் திறந்து பார்ப்பதை நமக்காக வேறொருவர் செய்துதர முடியாது.

எப்படிக் கற்பது என்பதிலும் நம் பழக்கங்கள் சில பழையவை. "நாலு தடவை படி, மனத்தில் நிற்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்லாத வீடு அபூர்வம். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவினர் நான்கு அமர்வுகளிலும் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழுவினர் முதல் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ அவர்கள் நினைவில் எஞ்சியது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம். பெரியவர்கள் செய்தி படிப்பதற்கும் இது பொருந்தும். ஒரு கட்டுரையைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். படித்தபோது புரிந்ததாகத் தோன்றியதில் எவ்வளவு கையில் ஒட்டவில்லை என்பது அப்போது தெரியும்.

புரிந்ததாகத் தோன்றுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடிமைக் கடமை என்று பேசும்போது நான் மிகவும் கவலைப்படுவது இதைக் குறித்துத்தான். பிலிப் ஃபெர்ன்பாக் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வரி, உடல்நலக் காப்பீடு போன்ற அரசுக் கொள்கைகளில் அழுத்தமான கருத்து வைத்திருந்தவர்களிடம், அந்தக் கொள்கை நடைமுறையில் எப்படிச் செயல்படும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். விளக்கத் தொடங்கியதும், தமக்கு எவ்வளவு தெரியும் என்று அவர்கள் போட்டிருந்த கணக்கு இறங்கியது. கருத்தின் காரமும் குறைந்தது. ஏன் அந்தக் கொள்கையை ஆதரிக்கிறீர்கள் என்று காரணம் கேட்டபோது இந்த மாற்றம் நிகழவில்லை. காரணம் சொல்வதற்கு நமக்கு ஒருபோதும் பஞ்சமில்லை அல்லவா?

எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் இதை வகுப்பில் செய்து பார்த்தார். பொதுப் பேருந்துகளில் யாருக்கும் கட்டணம் கூடாது என்று ஒரு மாணவி உரக்க வாதிட்டாள். கரும்பலகையில் அதைப் படிப்படியாக எழுதச் சொன்னார் ஆசிரியர். "அரசு ஆணை வெளியிடும்", "மக்கள் இலவசமாகப் பயணிப்பார்கள்" என்று இரண்டு வரி எழுதியதும் சுண்ணக்கட்டி நின்றுவிட்டது. எரிபொருளுக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? காலை நெரிசலில் கூடுதல் வண்டிகளுக்கு ஓட்டுநர்கள் எங்கிருந்து வருவார்கள்? வண்டி பழுதானால் செலவு யாருடையது? பின்வரிசை மாணவர்கள் கேட்கக் கேட்க, ஒவ்வொரு கேள்வியையும் அவளே பலகையில் எழுதினாள். அவள் தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. வகுப்பு முடிந்ததும் போக்குவரத்துத் துறையின் ஆண்டறிக்கை எங்கே கிடைக்கும் என்று நூலகத்தில் வந்து விசாரித்தாள். அன்றைக்குப் பள்ளியில் நடந்த நல்ல காரியம் அதுதான் என்பேன்.

"பள்ளியில் அரசியல் எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். எந்தக் கட்சிக்கும் இங்கே இடமில்லை. அதில் நான் கண்டிப்பானவன். ஆனால் ஒரு வரவு செலவுத் திட்டத்தை எப்படிப் படிப்பது, ஒரு சட்ட முன்வரைவின் மேல் பொதுமக்கள் கருத்து கேட்கும்போது எப்படி எழுதுவது, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தாளில் கடைசித் தேதி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பாடம்தான். குடிமகனின் வேலை வாக்குச்சாவடியோடு முடிவதில்லை. மனித உரிமைகள் குறித்து 1948-ல் ஐ.நா. வெளியிட்ட உலகளாவிய சாற்றுரையின் 19-ஆம் பிரிவு, தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் அனைவருக்கும் உரிமை உண்டு என்கிறது. பெறுவதிலும் பரப்புவதிலும் நமக்கு வேகம் போதும். தேடுவதற்கு மட்டும்தான் நேரம் கிடைப்பதில்லை.

தேடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைன்பர்க், மெக்ரூ ஆகிய இருவரும் வரலாற்று அறிஞர்கள் பத்துப் பேர், செய்திகள் உண்மையா என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையத்தளங்களைக் கொடுத்து, நம்பத்தக்கவையா என்று கேட்டார்கள். மாணவர்களும், பட்டம் பல பெற்ற வரலாற்று அறிஞர்களில் பலரும், அந்தத் தளத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தார்கள். முகப்பின் நேர்த்தியும் அமைப்பின் கம்பீரமான பெயரும் அவர்களை ஏமாற்றின. சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்களே. எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதை இப்போது நன்றாகவே செய்கிறார்கள். வீட்டில் அப்பா சொன்ன செய்தியின் மேல் அதைச் செய்தபோது திட்டு வாங்கியதாக ஒருவன் சொன்னான். யார் வீடு என்று நான் கேட்கவில்லை.

அந்த அப்பாவின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மையாகத் தோன்றத் தொடங்குகிறது என்று 1977-லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐந்து உறவினர்கள் ஐந்து குழுக்களில் அனுப்பிய செய்தி ஐந்து சாட்சிகள்போல் வந்து நிற்கிறது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியதாகவும் இருக்கலாம். படித்தவர்களும் இதற்கு விதிவிலக்கு அல்லர்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது, தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண்முன்னே தேடுங்கள். விடையைவிட, பெரியவர் ஒருவர் எங்கே போய்த் தேடுகிறார், எதை ஒதுக்குகிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள். நேற்று சொன்னது தவறென்று இன்று தெரிந்தால் அதையும் அவர்களிடமே சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

வரும் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேச்சு முடிந்தபின் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். அண்மையில் நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்தி ஒன்றைக் கைப்பேசியிலோ தாளிலோ கொண்டுவாருங்கள். அரசியல், உடல்நலம், பணம் எதைப் பற்றியதாகவும் இருக்கலாம். அனுப்பியவர் பெயரை நீக்கிவிடுங்கள். கணினி அறையில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் இருவராக உங்களோடு உட்கார்ந்து, அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள். சொந்தப் பிள்ளையோடு உட்காரத் தயங்குபவர்கள் வேறு பிள்ளையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆசிரியர்களும் தங்கள் செய்திகளோடு வருகிறார்கள். இருக்கைகள் குறைவு என்பதால், வர விரும்புவோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்