வீட்டில் கட்டிய பிராசஸர்: மாப்ளைக்கு ஒரு கடிதம்

அல்சூர், பெங்களூரு

அன்பு மாப்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். சின்னவளுக்கு வொயிட்ஃபீல்டில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கேயே மெட்ரோ ஏறிவிடலாம் என்பதால் கவலை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பாலிடெக்னிக் பசங்களை வைத்து ஒரு பிராசஸரைக் கையாலேயே கட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக முடியும். கட்டாயம் செய்.

என்னுடையது எட்டு பிட் மெஷின். பெரும்பாலும் 74 வரிசை லாஜிக் ஐசி, சால்டர் இல்லாமல் பிரெட்போர்டில் செருகியது. எண்ணைப் பிடித்து வைக்க ஏ, பி என்று இரண்டு ரெஜிஸ்டர், கூட்டுவதற்கு ஒரு சர்க்யூட், அடுத்த கட்டளை எந்த முகவரியில் என்று எண்ணும் புரோகிராம் கவுண்டர், கட்டளையை வைத்திருக்க ஒரு ரெஜிஸ்டர், எல்லாவற்றையும் படிப்படியாக நகர்த்தும் துடிப்புக்கு, அதாவது கிளாக்குக்கு, ஒரு 555 டைமர் ஐசி. மெமரிக்கு, நாம் லேப்பில் படித்த 8085 பிராசஸர் கிட்டில் இருந்த அதே 6264 ராம் ஐசிதான். அதில் 8192 பைட் இருந்தும் இப்போதைக்கு 16 பைட்தான் பயன்படுத்துகிறேன். நாலு அட்ரஸ் கால் போக மீதி ஒன்பதும் கிரவுண்டில். சாமான் எல்லாம் டவுன்ஹால் பக்கம் எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. அங்கே நம்பரைச் சொன்னதும் "எல்எஸ்ஸா, ஹெச்சிடியா?" என்று கேட்பார்கள். இவை 74 வரிசைக்குள்ளேயே வேறு வேறு ரகங்கள், ஹெச்சி என்று இன்னொன்றும் உண்டு. இதைப் பசங்களுக்கு முதல் நாளே சொல்லிவிடு. எல்எஸ் ஐசியின் வெளியீடு 2.7 வோல்ட் வந்தாலே அது '1' என்று கணக்கு. ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் ஹெச்சி ஐசி '1' என்று ஏற்றுக்கொள்ள 3.5 வோல்ட் வேண்டும். இரண்டையும் கலந்து போட்டால் ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. எல்எஸ்ஸோடு ஹெச்சிடி சேரும், ஹெச்சி சேராது.

இதே 74 வரிசையில் 181 என்று ஒரு ஐசி உண்டு. 1970-இல் வந்தது. கூட்டல், கழித்தல், லாஜிக் எல்லாம் நாலு பிட்டுக்கு ஒரே ஐசியில் முடிந்துவிடும். வாக்ஸ்-11/780 மாதிரி பெரிய மெஷின்கள் அதை வைத்துத்தான் கட்டப்பட்டன. பசங்களுக்கு அது வேண்டாம் என்பேன். நாலு பிட் கூட்டியான 283 இரண்டு, பிட்டைப் புரட்ட எக்ஸார் கேட்டுகள் உள்ள 86 இரண்டு போதும், கழித்தல் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 7-இல் 5 போக வேண்டும் என்று வை. 5 என்பது 00000101. 86-இன் எக்ஸார் கேட்டுகள் அதை 11111010 என்று புரட்டிவிடும். அதோடு 00000111-ஐக் கூட்டி, கூட்டியின் கேரி (மேலே ஏறும் மிச்சம்) உள்ளீட்டில் ஒரு 1 கொடுத்தால் வருவது 00000010, வெளியே தள்ளப்படும் கேரி 1. கழிப்பதற்கென்று தனியாக ஒரு சர்க்யூட்டே கிடையாது, 86-க்கும் கேரி உள்ளீட்டுக்கும் சேர்த்துப் போகும் ஒரே ஒரு வயரை 1 ஆக்கினால் கூட்டிதான் கழிக்கிறது! அந்தக் கேரியை 8085 திருப்பிப் போட்டு 'கடன்' என்று காட்டும். 6502 என்ற இன்னொரு பிராசஸர் திருப்பாமல் அப்படியே விட்டுவிடும். எனக்கு 6502-இன் வழிதான் பிடித்திருக்கிறது, ஹார்டுவேரில் நடந்தது எதுவோ அதையே அது சொல்கிறது.

லேப்பில் நீ ஒரு கேள்வி கேட்பாயே, நினைவிருக்கிறதா? கிட்டில் 80 என்ற ஹெக்ஸ் கட்டளை எண்ணை அடித்தால் பி-யை ஏ-யோடு கூட்டுகிறது, உள்ளே உட்கார்ந்து அந்த 80-ஐப் படிப்பது யார் என்று. அப்போது யாரும் பதில் சொல்லவில்லை. டைமிங் டயகிராமை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். மெஷினைக் கட்டிய பிறகு எனக்கு அந்தப் பதில் கிடைத்தது: யாருமே படிப்பதில்லை, மாப்ளை.

என் மெஷினில் கட்டளையின் மேல் நாலு பிட் நேராக ஒரு ரோமின், அதாவது முன்பே எழுதி வைத்த ஒரு மெமரியின், அட்ரஸ் கால்களுக்குப் போகிறது. கூடவே எத்தனையாவது படி என்று எண்ணும் ஒரு கவுண்டரின் மூன்று பிட்டும் போகிறது. அந்த முகவரியில் என்ன பிட் எழுதியிருக்கிறதோ அது வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஆளுக்கு எட்டு பிட் கொடுக்கிற இரண்டு 28சி64 ரோம் ஐசி, ஆக 16 கட்டுப்பாட்டு வயர். 'கூட்டு' என்பதற்கு 0010 என்று வைத்திருக்கிறேன். மூன்றாம் படியில் முகவரி 0010 011. அங்கே இரண்டு பிட் மட்டும் உயிரோடு இருக்கும்: ஒன்று மெமரியைப் பஸ்ஸில், அதாவது எல்லா பாகங்களுக்கும் பொதுவான வயர்களில், திறந்துவிடும், இன்னொன்று பி ரெஜிஸ்டரை வாங்கிக்கொள்ளச் சொல்லும். அடுத்த கிளாக்கில் வேறு இரண்டு பிட். கூட்டியின் விடை பஸ்ஸுக்கு வரும், ஏ அதை வாங்கிக்கொள்ளும். கட்டளைக்கு அர்த்தம் என்று தனியாக ஒன்றும் இல்லை, எந்த வயர் எப்போது ஏறுகிறது என்பதுதான் அர்த்தம். கட்டுப்பாட்டையே இப்படி ஒரு மெமரியில் எழுதி வைக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1951-லேயே சொல்லிவிட்டார். 8085-இல் ரோம் கிடையாது, கேட்டுகளாலேயே கட்டியிருக்கிறார்கள். ஆனால் உன் கேள்விக்கு அங்கேயும் இதே பதில்தான்.

அதனால் உனக்கு ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். ரோமை உடனே மாட்டாதே. ரெஜிஸ்டரும் கூட்டியும் மெமரியும் தயாரானதும் அந்த 16 வயரையும் டிப் சுவிட்சில் கட்டு. கிளாக்குக்கு ஒரு புஷ் பட்டன். ஒரு பையன் சுவிட்சைத் தள்ளட்டும், இன்னொருவன் பட்டனை அழுத்தட்டும், மற்றவர்கள் எல்இடியைப் பார்க்கட்டும். கவுண்டரை மெமரி முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டருக்கு அனுப்பு, மெமரியைத் திற, கட்டளையை வாங்கு, கவுண்டரை ஒன்று ஏற்று என்று அவர்களே ஒரு கட்டளையை முழுக்க ஓட்ட வேண்டும். பத்து கட்டளை ஓட்டினால் கை வலிக்கும், இதையே எழுதி வைத்துவிட்டால் என்ன என்று அவர்களில் ஒருவன் கேட்பான். அப்போது ரோமைக் கொடு.

இன்னும் இரண்டு விஷயம். ஒவ்வொரு ஐசிக்கும் ஒட்டினாற்போல ஒரு 104 செராமிக் கெப்பாசிட்டர் போடச் சொல், கஞ்சத்தனம் வேண்டாம். பயன்படுத்தாத உள்ளீட்டுக் காலை அந்தரத்தில் விடக் கூடாது. எல்எஸ்ஸில் அது 1 மாதிரி நடிக்கும், ஆனால் பக்கத்து வயரின் மின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும்.

அப்புறம், நிபந்தனைத் தாவலை, அதாவது விடையைப் பார்த்து வேறு கட்டளைக்குத் தாவும் வசதியை, விட்டுவிடாதே. கேரி வந்ததா, விடை பூஜ்யமா என்று காட்டும் இரண்டு கொடி பிட்களையும் ரோமின் மேலும் இரண்டு அட்ரஸ் கால்களில் கட்டினால் போதும். அதே கட்டளை, அதே படி, ஆனால் கேரி வந்திருந்தால் ரோமில் வேறு இடம் திறக்கும், கவுண்டர் புது முகவரியை ஏற்றிக்கொள்ளும். இது இல்லாவிட்டால் நீங்கள் கட்டுவது ஒரு கால்குலேட்டர்தான். என் மெஷின் பெருக்கலை அடுக்கடுக்காகக் கூட்டிச் செய்கிறது, முடிந்ததும் தானாக நிற்கிறது. நிற்கவேண்டிய இடத்தை அதுவே கண்டுபிடிப்பது இந்த இரண்டு வயரால்தான்.

ரோமில் எழுதுகிற புரோகிராமர் கருவி என்னிடம் இருக்கிறது, நீ வாங்காதே. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். உன் லேப்பில் இருக்கும் 5 வோல்ட் சப்ளை எத்தனை ஆம்பியர் தாங்கும், எத்தனை குழு வைக்கப்போகிறாய் என்று மட்டும் எழுது. 283 எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டு எஸ்.பி. ரோட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் லேப் பெஞ்சுக்காரன்